நடுக்கடல்ல இருக்கும் டேங்கர் கப்பல் எங்கே போகுதுன்னு செல்போன்ல பார்ப்பது எப்படி? சிக்னல் நின்னா கப்பல் ‘மாயம்’னு அர்த்தமா?

ஹோர்முஸ் ஜலசந்தியில் பதற்றம், செங்கடலில் தாக்குதல் என்று செய்தி வரும்போதெல்லாம் கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பிச்சிடும். நீலக் கடல் வரைபடம், அதில் சிவப்பு அம்புக்குறிகள், கீழே ‘கடைசி சிக்னல் 2 நாள் முன்பு’ என்று ஒரு வரி. பார்க்கிறவர்களுக்கு அது ஒரு படம்தான். ஆனால் மகனோ, கணவரோ அந்தக் கப்பலில் வேலை பார்க்கிறார் என்றால், அந்த ஒரு வரி போதும், அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது.

அந்த அம்புக்குறி எங்கிருந்து வருது? அதை எவ்வளவு நம்பலாம்? கப்பல் பக்கத்தில் இருக்கும் எண்களுக்கு என்ன அர்த்தம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கப்பல் இருக்கும் இடம் நமக்கு எப்படித் தெரியுது?

கப்பலில் ஏஐஎஸ் என்று ஒரு கருவி இருக்கும். ‘தானியங்கி அடையாள முறை’ என்று தமிழில் சொல்லலாம். கப்பலின் ஜிபிஎஸ்ஸிலிருந்து இடத்தை எடுத்து, ரேடியோ வழியாக ‘நான் இன்ன கப்பல், இங்கே இருக்கேன், இந்த வேகத்தில் இந்தத் திசையில் போறேன்’ என்று சுற்றியிருக்கும் எல்லோருக்கும் அது சொல்லிக்கொண்டே இருக்கும்.

ஒன்றோடு ஒன்று மோதிக்கொள்ளாமல் இருக்கத்தான் இந்த முறை கொண்டுவரப்பட்டது. நாம செல்போனில் பார்ப்பதற்காக இல்லை. சர்வதேசப் பயணம் போகும் 300 டன்னேஜுக்கு மேற்பட்ட கப்பல்கள் எல்லாவற்றிலும் இது கட்டாயம். இந்த விதி 2004 இறுதிக்குள் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

பெரிய கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போது 2 முதல் 10 விநாடிக்கு ஒருமுறை இந்தத் தகவல் போகும். நங்கூரம் போட்டு நின்றால் 3 நிமிடத்துக்கு ஒருமுறை. கரையில் இருக்கும் ஆன்டெனாக்களும், வானில் இருக்கும் செயற்கைக்கோள்களும் இதைப் பிடிக்கின்றன. மரைன் டிராஃபிக், வெசல்ஃபைண்டர் போன்ற தளங்கள் அதை வரைபடத்தில் போட்டுக் காட்டுகின்றன. மரைன் டிராஃபிக்கில் சிவப்பு என்றால் டேங்கர், பச்சை என்றால் சரக்குக் கப்பல், நீலம் என்றால் பயணிகள் கப்பல்.

பேரை வச்சுத் தேடாதீங்க, எண்ணை வச்சுத் தேடுங்க

எல்லோரும் முதலில் சறுக்குவது இங்கேதான். ஒரே பெயரில் பல கப்பல்கள் இருக்கும். கப்பலை விற்றால் பெயர் மாறும், கொடி மாறும், நிறமும் மாறும். மாறாதது ஒன்றே ஒன்றுதான். அது ஐஎம்ஓ எண்.

ஐஎம்ஓ எண்: 7 இலக்கம். கப்பல் கட்டும்போது கொடுக்கப்படும் இந்த எண், அது உடைக்கப்படும் வரை மாறாது. நம்ம வண்டியின் சேஸிஸ் நம்பர் மாதிரி. கப்பலின் உடம்பிலேயே இதை நிரந்தரமாகப் பொறித்திருக்க வேண்டும்.

எம்எம்எஸ்ஐ எண்: 9 இலக்கம். இது ரேடியோவுக்கான எண். முதல் 3 இலக்கம் எந்த நாட்டுக் கொடி என்பதைச் சொல்லும். இந்தியா 419, இலங்கை 417, லைபீரியா 636, மார்ஷல் தீவுகள் 538. கொடி மாறினால் இந்த எண்ணும் மாறிவிடும். வண்டியின் நம்பர் பிளேட் மாதிரி.

ஐஎம்ஓ எண் சரியானதா என்று நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முதல் 6 இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வரும் விடையின் கடைசி இலக்கமும், ஐஎம்ஓ எண்ணின் 7ஆவது இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

உதாரணத்துக்கு 9116412 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். 63 + 6 + 5 + 24 + 12 + 2 = 112. கடைசி இலக்கம் 2. ஐஎம்ஓ எண்ணும் 2இல்தான் முடியுது. சரியா வந்துடுச்சு. இப்படி வராத எண்ணை யாராவது அனுப்பினால், ஒன்று தட்டச்சுப் பிழை, இல்லையென்றால் போலி.

இந்த 9116412 சும்மா எடுத்த எண் இல்லை. 2019இல் உலகமே தேடிய ஒரு டேங்கரின் எண் இது.

2 பேர், 1 கப்பல்: கிரேஸ் 1 கதை

2019 ஜூலை 4. ஸ்பெயினுக்குத் தெற்கே, பிரிட்டனின் ஆளுகையில் இருக்கும் ஜிப்ரால்டர் அருகே, கிரேஸ் 1 என்ற டேங்கரை பிரிட்டன் ராயல் மரீன் வீரர்கள் பிடித்தார்கள். ஈரான் எண்ணெயை, ஐரோப்பிய ஒன்றியத்தின் தடையை மீறி சிரியாவுக்குக் கொண்டுபோகிறது என்பதுதான் சந்தேகம். கப்பலில் இருந்த 28 பேரில் பெரும்பாலானோர் இந்தியர்கள். கேப்டனும் மற்ற 3 பேரும் கைதாகி, பிறகு விடுவிக்கப்பட்டார்கள்.

கப்பல் 1997இல் கட்டப்பட்டது. நீளம் சுமார் 330 மீட்டர், சுமக்கும் திறன் சுமார் 3 லட்சம் டன். உள்ளே 21 லட்சம் பீப்பாய் கச்சா எண்ணெய். ஒரு பீப்பாய் 159 லிட்டர். அப்படிப் பார்த்தால் 33 கோடி லிட்டருக்கு மேல். நம்ம ரோட்டில் போகும் 20,000 லிட்டர் டேங்கர் லாரியில் ஏற்றினால் கிட்டத்தட்ட 16,700 லாரி தேவைப்படும்.

இவ்வளவு எண்ணெயை முழுசாக ஏற்றிய கப்பலுக்கு சூயஸ் கால்வாயின் ஆழம் பத்தாது. அதனால்தான் ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு ஜிப்ரால்டர் பக்கம் வந்தது. கப்பலின் அளவு தெரிந்தால், அது ஏன் அந்தப் பாதையில் போகிறது என்பதும் புரியும்.

ஆகஸ்ட் 15ஆம் தேதி கப்பலை விடுவிக்க உத்தரவு வந்தது. 18ஆம் தேதி அது புறப்பட்டபோது பெயர் ‘ஏட்ரியன் தர்யா 1’. பனாமா கொடி போய் ஈரான் கொடி ஏறியிருந்தது. பெயரும் கொடியும் மாறினாலும் ஐஎம்ஓ எண் அதேதான். அதனால் பழைய கப்பல்தான் இது என்பதில் யாருக்கும் குழப்பம் வரவில்லை.

அதன் பிறகு நடந்ததுதான் சுவாரஸ்யம். போகும் இடம் என்ற கட்டத்தில் முதலில் கிரீஸின் கலமாட்டா துறைமுகம் இருந்தது. பிறகு துருக்கியின் மெர்சின் என்று மாறியது. இதற்கிடையே, கப்பலை அமெரிக்காவின் கைக்கு எட்டும் இடத்துக்குக் கொண்டுவந்தால் பல மில்லியன் டாலர் தருவதாக, ஈரான் விவகாரங்களைக் கவனித்த அமெரிக்க வெளியுறவுத் துறை அதிகாரி பிரையன் ஹூக், கேப்டனுக்கே மின்னஞ்சல் அனுப்பினார். அதை ஏற்காததால் அந்த இந்திய கேப்டன் மீதே அமெரிக்கா தடை விதித்தது.

செப்டம்பர் 2ஆம் தேதி, சிரியா கடற்கரைக்கு மேற்கே இருந்தபோது ஏஐஎஸ் சிக்னல் நின்றது. வரைபடத்தில் கப்பல் அதோடு காணாமல் போனது. ஆனால் 4 நாள் கழித்து, செப்டம்பர் 6ஆம் தேதி எடுத்த செயற்கைக்கோள் படத்தில், சிரியாவின் டார்ட்டஸ் துறைமுகத்துக்குப் பக்கத்தில் அது நின்றுகொண்டிருந்தது. ஏஐஎஸ்ஸை நிறுத்தலாம், 330 மீட்டர் நீளக் கப்பலை வானத்திலிருந்து மறைக்க முடியுமா? எண்ணெய் விற்கப்பட்டுவிட்டது என்று ஈரானே பிறகு அறிவித்தது.

இதில் இருந்து நாம எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு விஷயம். ஒன்று, போகும் இடம் என்று காட்டுவதை அப்படியே நம்ப முடியாது. இரண்டு, சிக்னல் நின்றுவிட்டது என்பதால் கப்பல் மூழ்கிவிட்டது என்று அர்த்தம் இல்லை.

எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது?

ஏஐஎஸ் காட்டும் தகவல்கள் 3 வகை.

தானாக வருபவை: இடம், வேகம், திசை. இவை கருவியிலிருந்து நேராக வருவதால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

ஒருமுறை பதிவு செய்பவை: பெயர், ஐஎம்ஓ எண், எம்எம்எஸ்ஐ, கப்பலின் வகை, நீள அகலம். கருவியைப் பொருத்தும்போது போடுவது. வேண்டுமென்றே மாற்றினால் ஒழிய சரியாக இருக்கும்.

கையால் தட்டுபவை: போகும் துறைமுகம், போய்ச் சேரும் நேரம், கப்பல் தண்ணீருக்குள் எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது என்ற அளவு. இவற்றை ஒவ்வொரு பயணத்துக்கும் கப்பல் அதிகாரி தட்ட வேண்டும். மறந்தால் பழைய துறைமுகமே இருக்கும். செங்கடலில் ஹூதிக்களின் தாக்குதல் நடந்த காலத்தில், போகும் இடம் என்ற கட்டத்தில் ‘ஆயுதக் காவலர்கள் உள்ளனர்’, ‘இஸ்ரேலுடன் தொடர்பு இல்லை’ என்றெல்லாம் கப்பல்கள் எழுதி வைத்ததும் உண்டு.

நேரத்தையும் கவனிங்க. பல தளங்களில் யுடிசி நேரம்தான் இருக்கும். அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்டினால்தான் நம்ம நேரம்.

டேங்கர் பக்கத்தில் இருக்கும் எண்களுக்கு என்ன அர்த்தம்?

டிடபிள்யூடி: கப்பல் எத்தனை டன் சுமக்கும் என்பது. சரக்கு, எரிபொருள், தண்ணீர், ஆட்கள், சாப்பாட்டுச் சாமான் எல்லாம் இதில் அடக்கம். டேங்கர் எவ்வளவு பெரியது என்று சொல்வது இந்த எண்தான்.

ஜிடி: கிராஸ் டன்னேஜ். பெயரில் ‘டன்’ இருந்தாலும் இது எடை கிடையாது. கப்பலுக்குள் இருக்கும் மொத்த இடத்தின் கொள்ளளவை வைத்துக் கணக்கிடும் அளவு.

டிராஃப்ட்: தண்ணீருக்குள் அமிழ்ந்திருக்கும் ஆழம், மீட்டரில். சரக்கு இருக்கா, காலியா என்று தெரிய வேண்டுமானால் இதைத்தான் பார்க்கணும். 3 லட்சம் டன் டேங்கர் முழுசாக ஏற்றியிருந்தால் 20 மீட்டருக்கும் மேல் அமிழும். காலியாகத் திரும்பும்போது அதில் பாதி அளவுக்குத்தான் இருக்கும்.

நாட்: கடலில் வேகத்தின் அளவு. 1 நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். பெரிய டேங்கர் 13 நாட் வேகத்தில் போனால் ஒரு நாளைக்கு சுமார் 578 கிலோமீட்டர் போகும். ஆக, ‘2 நாள் முன்பு’ என்று காட்டும் கப்பல் இந்நேரம் 1,100 கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கலாம்.

அளவை வைத்து டேங்கர்களுக்குப் பெயரும் உண்டு.

எம்ஆர்: சுமார் 50,000 டன் வரை. பெட்ரோல், டீசல் கொண்டுபோகும். 2019 ஜூலையில் ஈரான் பிடித்த ஸ்டெனா இம்பெரோ இந்த வகைதான். அதில் இருந்த 23 பேரில் 18 பேர் இந்தியர்கள்.

ஆஃப்ராமேக்ஸ்: 80,000 முதல் 1,20,000 டன்.

சூயஸ்மேக்ஸ்: 1,20,000 முதல் 2 லட்சம் டன். முழுச் சரக்கோடு சூயஸ் கால்வாயைத் தாண்டக்கூடிய பெரிய அளவு. பெயரே அதிலிருந்து வந்ததுதான்.

விஎல்சிசி: 2 லட்சம் டன்னுக்கு மேல். கிரேஸ் 1 இந்த வகை. 2020 செப்டம்பர் 3ஆம் தேதி இலங்கையின் கிழக்குக் கடலில் தீப்பிடித்த நியூ டைமண்டும் இதே வகைதான். குவைத்திலிருந்து ஒடிசாவின் பாரதீப்புக்கு சுமார் 2,70,000 டன் கச்சா எண்ணெயோடு வந்தபோது தீப்பிடித்தது. பிலிப்பைன்ஸைச் சேர்ந்த ஒரு ஊழியர் உயிரிழந்தார்.

சிக்னல் நின்னா என்ன அர்த்தம்?

வீட்டில் இருப்பவர்கள் முக்கியமாகப் புரிந்துகொள்ள வேண்டிய பகுதி இது. சிக்னல் நிற்க 5 காரணங்கள் இருக்கலாம்.

1. கப்பல் கரையை விட்டுத் தூரமாகப் போயிருக்கும். கரையில் இருக்கும் ஆன்டெனாவுக்குப் பொதுவாக 40 முதல் 75 கிலோமீட்டர் வரைதான் எட்டும். அதைத் தாண்டினால் செயற்கைக்கோள் பிடிக்கணும். அந்தத் தகவலுக்குத் தளங்கள் பெரும்பாலும் காசு கேட்கும். இலவசக் கணக்கில் பார்க்கும் நமக்கு ‘3 நாள் முன்பு’ என்றுதான் காட்டும். நின்று போவதற்கு அடிக்கடி காரணமாக இருப்பது இதுதான்.

2. நெரிசல். கப்பல்கள் குவிந்திருக்கும் இடத்தில் செயற்கைக்கோளால் எல்லா சிக்னலையும் பிரித்து எடுக்க முடியாது.

3. பாதுகாப்புக்காக கேப்டனே நிறுத்தியிருப்பார். கடற்கொள்ளையர், தாக்குதல் ஆபத்து இருக்கும் இடத்தில் ஏஐஎஸ் போட்டிருப்பது ஆபத்து என்று கேப்டன் கருதினால் நிறுத்தி வைக்க சர்வதேச விதிகளே அனுமதிக்கின்றன.

4. மறைப்பதற்காக நிறுத்தியிருப்பார்கள். தடை செய்யப்பட்ட எண்ணெயை ஏற்றும் கப்பல்கள் செய்வது. சில கப்பல்கள் இன்னும் ஒருபடி மேலே போய், தாங்கள் வேறு எங்கோ இருப்பதுபோல் போலி இடத்தை அனுப்பும்.

5. கருவிப் பழுதோ, உண்மையான விபத்தோ.

இது தவிர ஜிபிஎஸ் குழப்பமும் இருக்கு. 2025 ஜூனில் இஸ்ரேல் - ஈரான் மோதல் நடந்த நாட்களில், ஹோர்முஸ் பகுதியில் ஏராளமான கப்பல்களின் இடம் தவறாகக் காட்டியது. சில கப்பல்கள் தரையில் நிற்பதுபோல் தெரிந்தன. அந்த நேரத்தில்தான், ஜூன் 17ஆம் தேதி, ஃபிரன்ட் ஈகிள், அடலின் என்ற 2 டேங்கர்கள் ஐக்கிய அரபு அமீரகக் கடற்கரைக்கு அப்பால் மோதிக்கொண்டன. கப்பல் பாலைவனத்தில் நிற்பதுபோல் ஸ்கிரீன்ஷாட் வந்தால் அது மார்ஃபிங்காகவும் இருக்கலாம், இப்படி உண்மையிலேயே குழம்பிய சிக்னலாகவும் இருக்கலாம்.

இன்னொரு ஆறுதலான விஷயம். நாம பார்க்கும் வரைபடம் மட்டும்தான் கண்காணிப்பு என்று இல்லை. எல்ஆர்ஐடி என்று இன்னொரு முறை இருக்கு. கப்பல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, தன் கொடிக்குரிய நாட்டுக்குச் செயற்கைக்கோள் வழியாக இடத்தைச் சொல்லும். இது பொதுமக்களுக்குத் தெரியாது. அதனால் நம்ம போனில் கப்பல் தெரியாத நேரத்திலும் அதிகாரிகளுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு உண்டு.

உண்மையிலேயே விபத்து நடந்தால்?

2024 ஜூலை நடுவில், ஓமனின் ராஸ் மத்ரகா பகுதிக்கு அப்பால் பிரெஸ்டீஜ் ஃபால்கன் என்ற டேங்கர் கவிழ்ந்தது. கொமொரோஸ் நாட்டுக் கொடி. ஏமனின் ஏடன் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கப்பலில் இருந்தது 16 பேர்: 13 இந்தியர்கள், 3 இலங்கையர்கள். ஓமன் மீட்புக் குழுவோடு சேர்ந்து தேடிய இந்தியக் கடற்படையின் ஐஎன்எஸ் தேக், 8 இந்தியர்களையும் 1 இலங்கையரையும் உயிரோடு மீட்டது.

117 மீட்டர் நீளம், 2007இல் கட்டப்பட்டது, போகும் இடம் ஏடன் என்ற விவரங்கள் எல்லாம் முதல் செய்தியிலேயே வந்துவிட்டன. கப்பல் கண்காணிப்புத் தகவலில் இருந்து எடுத்தவை அவை. ஆனால் ஆட்களின் நிலைமை என்ன என்பதை எந்த வரைபடமும் சொல்லாது. அதை மீட்புப் படையும், கப்பல் நிறுவனமும், அரசும்தான் சொல்ல முடியும்.

எனவே உங்கள் வீட்டு ஆள் இருக்கும் கப்பலைப் பற்றிக் கவலை வந்தால், இந்த வரிசையில் போங்க.

முதலில், அவரை வேலைக்கு அனுப்பிய நிறுவனத்தைத் தொடர்புகொள்ளுங்கள். கப்பலின் பெயரோடு ஐஎம்ஓ எண்ணையும் சொல்லுங்கள்.

பதில் இல்லை என்றால், மும்பையில் இருக்கும் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்துக்கு எழுதுங்கள். வெளிநாட்டில் சிக்கியவர்களுக்காக வெளியுறவு அமைச்சகம் நடத்தும் மதத் இணையதளத்திலும் புகார் பதியலாம்.

கடலில் ஆபத்து என்ற அவசரத் தகவல் கிடைத்தால் இந்தியக் கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணுக்கு உடனே பேசுங்கள்.

கப்பலில் ஏறும் முன்னாடியே பார்க்க வேண்டியது

உண்மையைச் சொன்னால், இந்தத் தகவல்கள் கப்பல் புறப்பட்ட பிறகு உதவுவதைவிட, கையெழுத்துப் போடும் முன்தான் அதிகம் உதவும். சம்பளம் கொடுக்காமல் கப்பலையும் ஆட்களையும் கைவிட்டுவிட்டுப் போகும் முதலாளிகள் இருக்கிறார்கள். மாதக்கணக்கில் நடுக்கடலில் மாட்டிக்கொள்பவர்களில் இந்தியர்களும் உண்டு.

வேலைக்கு அழைப்பு வந்ததும் கப்பலின் ஐஎம்ஓ எண்ணைக் கேளுங்கள். தர மறுத்தால் அதுவே முதல் எச்சரிக்கை.

எண் கிடைத்ததும் ஈக்வாசிஸ் என்ற தளத்தில் இலவசமாகப் பதிவு செய்து பாருங்கள். கப்பலின் வயது, உரிமையாளர், நிர்வகிக்கும் நிறுவனம், துறைமுகச் சோதனைகளில் கண்ட குறைகள், எத்தனை முறை தடுத்து வைக்கப்பட்டது என்பதெல்லாம் இருக்கும்.

கொடி எந்த நாடு, அந்தப் பதிவு இன்னும் செல்லுமா என்று பாருங்கள். கிரேஸ் 1ஐப் பிடித்தபோது, மே 29ஆம் தேதியே அதைத் தங்கள் பதிவிலிருந்து நீக்கிவிட்டதாக பனாமா சொன்னது. அப்போது கப்பலில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் நம்ம நாட்டவர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

அடிக்கடி பெயரும் கொடியும் மாறியிருந்தால், 20 வயதைத் தாண்டியிருந்தால், உரிமையாளர் நிறுவனம் நேற்று ஆரம்பித்ததுபோல் இருந்தால், நன்றாக விசாரியுங்கள்.

அனுப்பும் ஏஜென்சிக்கு ஆர்பிஎஸ்எல் உரிமம் இருக்கிறதா என்று கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். அது இல்லாமல் பணம் கேட்டால் கொடுக்காதீங்க.

கடலுக்குப் போகிறவர் வீட்டில் ஒரு காகிதத்தில் 4 விவரங்களை எழுதி வைத்துவிட்டுப் போகலாம்: கப்பலின் ஐஎம்ஓ எண், கொடி, அனுப்பிய நிறுவனத்தின் 24 மணி நேர எண், தன் கடலோடி அடையாள எண். அடுத்த முறை குடும்பக் குரூப்பில் ‘கப்பல் மாயம்’ என்று ஒரு ஸ்கிரீன்ஷாட் வரும்போது, முதலில் அதில் இருக்கும் ஐஎம்ஓ எண்ணும் அந்தக் காகிதத்தில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். பிறகு கடைசி சிக்னல் வந்த நேரத்தைப் பாருங்கள். இரண்டையும் பார்க்காமல் யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீங்க.